கேள்விக்குறிகள் நின்றுபோன ஆண்டு

தாம்பரம் மேற்கில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் உறுப்பினராக இருக்கும் வாடகை நூலகம் இருக்கிறது. நூலகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாதிக் கடையை இப்போது சினிமா சி.டி.க்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. புத்தகங்கள் பின்சுவருக்குப் போய்விட்டன. போன வாரம் நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைக் கடைக்காரர் அலமாரியில் செருகாமல் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் இது? பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கிறுக்கி வெச்சிக்கீறீங்க. அடுத்து எடுத்துகினு போறவங்க என்னையில்ல கேக்கறாங்க?”

அழித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

“கோடு கூடப் பரவால்ல சார். இந்தக் கேள்விக்குறிதான் பேஜாரு. இத்தினி போட்டு வெச்சிக்கீறீங்களே, யாரைக் கேக்கறீங்க?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு ரப்பரும் வாங்கிக்கொண்டு, ரயில் பாதையைக் கடந்து கிழக்குப் பக்கம் என் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நான் மட்டும்தான். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அழிக்கத் தொடங்கினேன். அழிக்கிற சத்தம் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. இந்தச் சத்தத்தை என்னோடு சேர்ந்து எழுப்பியவள் என் தங்கை. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். இனி யாரிடம் எதை மறைக்க வேண்டியிருக்கிறது? எழுதிவிடுகிறேன்.

நாங்கள் தாம்பரத்துக்குக் கிழக்கே, அன்றைக்கு வெறும் வயலும் ஏரியுமாக இருந்த பக்கத்தில் பிறந்தவர்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் நாலைந்து எருமைகளும் இருந்தன. ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பால் ஊற்றினார். ஊரில் ஐந்தாம் வகுப்புவரைதான் பள்ளிக்கூடம். அதற்குமேல் படிக்க ரயில் கேட்டைத் தாண்டி மேற்குப் பக்கம் போக வேண்டும். நான் போனேன். தங்கை என்னைவிட ஒரு வயது சின்னவள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் போகவில்லை. பெண் பிள்ளையைக் கேட் தாண்டி அனுப்புவதில்லை என்பது எங்கள் தெருவில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம். அவளுக்கு வீட்டில் வேலையும் இருந்தது. வறட்டி தட்டுவாள், பால் சொம்புகளைக் கழுவுவாள், சாயங்காலம் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள்.

அந்தக் காலத்தில் பாடப்புத்தகத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மேல் வகுப்புப் பையனிடம் பாதி விலைக்கு வாங்கி, வருடம் முழுக்கப் படித்து, ஏப்ரல் மாதத்தில் கீழ் வகுப்புப் பையனிடம் விற்றுவிடுவோம். மை பட்ட புத்தகத்தை ஒருவனும் வாங்க மாட்டான். அதனால் புத்தகத்தில் எதையும் எழுதாமல் இருப்பதே நல்ல மாணவனுக்கு அடையாளம். நான் அந்த வகையில் மிக நல்ல மாணவன். புத்தகத்தைத் திறக்காமலே வைத்திருந்து, புத்தம் புதிதாகத் திருப்பி விற்கக்கூடியவன்.

செகண்டு ஃபாரம், அதாவது ஏழாம் வகுப்பு, படிக்கிறபோது என் புத்தகங்களை அவள் எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் பையை வீசிவிட்டு விளையாடப் போனதும் அடுப்படியில் அவள் படிப்பு தொடங்கும். பால் பொங்கி வழியாமல் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண். கையில் நான் கடித்துத் துப்பிய பென்சிலின் மிச்சத் துண்டு. சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். பாடத்தில் முக்கியமான இடத்துக்குக் கீழே மெல்லிய கோடு. தெரியாத சொல்லுக்கு மேலே ஒரு புள்ளி. ஒவ்வொரு பத்தி முடிகிற இடத்திலும், அந்தப் பத்தி சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப்போல ஓரத்தில் ஒரே வரி. அரசன் ஒருவன் படையெடுத்துப் போய்த் தோற்ற கதைக்கு அவள் எழுதியிருந்தது: ‘ரொம்ப தூரம் போயிட்டான். திரும்பி வர்றப்ப சோறு இல்ல.’

நான் கத்தினேன். “ஏய், புஸ்தகத்த நாசம் பண்ணிட்டியே! எவன் வாங்குவான் இத?”

“பென்சில்தானண்ணா. ஏப்ரல்ல நானே அழிச்சித் தரேன். சும்மா படிச்சா எனக்கு நிக்க மாட்டேங்குது. கோடு போட்டாதான் உள்ள போவுது.”

“நீ படிச்சி இன்னா பண்ணப்போற?”

“வறட்டி தட்டத்தான்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதினாள்.

முதல் பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அந்த ஓர வரிகளின் அருமை எனக்குத் தெரிந்தது. முழுப் பாடத்தையும் படிக்க வேண்டியதில்லை. ஓரத்தை மட்டும் படித்தால் போதும். கடைசி பெஞ்சிலிருந்த நான் அந்த வருடம் மளமளவென்று முன்னுக்கு வந்தேன். அப்பா பால் ஊற்றுகிற வீடுகளிலெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அந்த ஓரங்களில் இன்னொரு அடையாளமும் இருந்தது. அங்கங்கே ஒரு கேள்விக்குறி. சில இடத்தில் குறி மட்டும். சில இடத்தில் அதோடு ஒரு சின்ன வரியும். அவற்றுக்கு நானே ஒரு பொருள் வைத்துக்கொண்டேன். இந்தப் பகுதி பரீட்சைக்கு வராது, விட்டுவிடலாம் என்று அவள் எனக்குச் சொல்கிறாளாம். விட்டுவிட்டேன். பரீட்சையிலும் அவை வரவில்லை. அதனால் என் கண்டுபிடிப்பில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

நான் வீட்டுக்கு வந்ததும் அவள் வாசல்வரை வந்து பையை வாங்கிக்கொள்வாள். “வாத்தியாரு இன்னா சொன்னாரு?” என்று தினமும் கேட்பாள். “ஒண்ணும் சொல்லல” என்று தினமும் சொல்வேன். வாத்தியார் சொன்னதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

எங்கள் வகுப்பு வாத்தியார் கறாரான மனிதர். சைக்கிளில் வருவார். பிரம்பைச் சைக்கிள் பாரில் கட்டியிருப்பார். ஒருநாள் விஞ்ஞானப் பாடத்தை வாசிக்கத் தம்முடைய புத்தகம் இல்லாமல், முன் பெஞ்சிலிருந்த என் புத்தகத்தை எடுத்தார். மழை எப்படி உண்டாகிறது என்ற பாடம். வாசிக்காமல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னடா இது, புஸ்தகம் முழுக்க எழுத்து?”

நான் எழுந்து நின்று கையை நீட்டினேன். அடி விழவில்லை.

“ஓரமெல்லாம் கரி வேற. ஏண்டா, உங்க வீட்ல அடுப்பு நீதான் ஊதறியா?”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஓரத்திலிருந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தார். “‘கடல் தண்ணிதான் மழையா வருதுன்னா, உப்பு எங்க போவுது?’ பக்கத்துல ஒரு கேள்விக்குறி.” புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “யாருடா எழுதினது?”

அவர் குரலில் கோபம் இல்லை என்பது எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்த அடுத்த கணமே சொன்னேன்.

“நான்தான் சார்.”

மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் திரண்ட துளிகளை எங்கள் உள்ளங்கையில் வழியவிட்டார். நக்கிப் பார்த்தோம். உப்பு இல்லை. தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் காட்டினார். “கேள்வி கேட்டவன் முதல்ல வா” என்று என்னைத்தான் முதலில் அழைத்தார். அந்த உப்பின் கரிப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது என்று எழுதினால் அலங்காரமாகப் போய்விடும். உண்மை என்னவென்றால், எனக்கு அன்று பெருமையின் ருசி மட்டும்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் தங்கை பையை வாங்கிக்கொண்டாள். “வாத்தியாரு இன்னா சொன்னாரு?”

சொல்லியிருக்கலாம். உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது என்று நாலு வார்த்தை. சொன்னால், இந்தக் கேள்வி எப்படி வந்தது, புத்தகத்தை அவர் பார்த்தாரா, யார் எழுதியது என்று கேட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அந்தப் பயத்தில் சொன்னேன்.

“ஒண்ணும் சொல்லல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. வாத்தியார். அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். வாத்தியார் தம் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினார். நான் அதற்கு முன் பார்த்திராத, அடுத்த வகுப்புச் சரித்திரப் புத்தகம்.

“உங்க வீட்ல வேற யாராவது படிச்சவங்க உண்டா?”

“நமக்கு ஏது சார் படிப்பு? இவன் ஒருத்தன்தான் கேட்டு தாண்டிப் போறான்” என்றார் அப்பா.

“பொண்ணு?”

“அஞ்சாவது முடிச்சிட்டா. போதும் சார்.”

மாட்டுத்தொழுவத்தின் வாசலில் பால் சொம்போடு தங்கை நின்றிருந்தாள். கழுவிய சொம்பையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு பென்சிலையும் சேர்த்து என்னிடம் தந்தார். “இதப் படி. உன் புஸ்தகத்துல எப்படி எழுதுவியோ அப்படி எழுது. என் சொந்தப் புஸ்தகம்தான், பயப்படாதே.”

ஓர் அரசன் ஒரு கிராமத்தை யாருக்கோ தானமாகக் கொடுத்த பாடம் அது. அவள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா? கோடு போட்டேன். இரண்டு சொற்களின் மேல் புள்ளி வைத்தேன். ஓரத்தில், ‘அரசன் கிராமத்தைத் தானமாக அளித்தான்’ என்று புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன். கொடுத்தேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். “கேள்விக்குறி ஒண்ணும் இல்லியே?”

“எல்லாம் புரிஞ்சிடுச்சி சார்.”

“எல்லாமே புரிஞ்சிடுச்சா” என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “இதோ பாருங்க. இவன் புஸ்தகத்து ஓரத்துல எழுதினது யாரா இருந்தாலும் அது என் வகுப்புல உக்கார வேண்டிய பிள்ளை. பொண்ணா இருந்தாலும் சரி. ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசறேன். என் பொண்ணும் இந்தப் பக்கத்துலேருந்துதான் கேட் தாண்டி வருது. ரெண்டும் சேர்ந்து வரட்டும்.” மறுபடியும் என்னிடம்: “கடைசியா ஒரு தடவை கேக்கறேன். அடிக்க மாட்டேன். யாரு எழுதினது?”

அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆகவே பயத்தால் பொய் சொன்னேன் என்று எழுத எனக்கு வழியில்லை. உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை வகுப்பில் நான் மறுபடியும் கடைசி பெஞ்சுக்காரன். அதைவிட மோசம், தங்கையைவிட மட்டமானவன். அந்த ஒரு நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் சார்.”

வாத்தியார் தொழுவத்துப் பக்கம் பார்த்தார். “ஏம்மா, நீ சொல்லு. உங்க அண்ணன்தான் எழுதினானா?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் என்ன பதில் வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்ளப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“அண்ணன்தான் சார்” என்றாள்.

அதற்குப் பிறகும் வாத்தியார் கொஞ்ச நேரம் வாதாடினார். ஆனால் கையில் இருந்த ஒரே சாட்சியை நாங்கள் இருவரும் பிடுங்கிவிட்டோம். அப்பா பணிவாகவே முடித்துவிட்டார். “பையன் படிக்கிறான், அது போதும் சார். பொட்டப் புள்ளயக் கேட்டு தாண்டி அனுப்பிட்டு, வந்துட்டாளா வரலியான்னு நான் எருமைய உட்டுட்டு ரோட்டப் பாத்துகினு ஒக்காந்திருக்கணுமா?” வாத்தியார் மோர் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கிளம்புமுன் தம்முடைய பென்சிலைத் தொழுவத்துத் திட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா என் தட்டில் தயிரின் ஆடையை அள்ளிப் போட்டார். பரிமாறியவள் தங்கைதான்.

பிறகு நான் படித்தேன். பட்டம், மேல்பட்டம் எல்லாம் வாங்கி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளனாகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பென்சில் இல்லாமல் புத்தகத்தைத் தொடாதே என்று ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்களிடம் சொன்னேன். கோடு, புள்ளி, பக்கத்து வீட்டில் சொல்வதைப்போல ஒரு வரி, புரியாத இடத்தில் கேள்விக்குறி. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களிடம், சிறுவயதில் நானே கண்டுபிடித்தது என்றேன். என் மாணவர்கள் அதற்கு என் பெயரையே வைத்தார்கள். வாத்தியாரிடம் சொன்ன பொய்யைச் சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

அவளைக் குன்றத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்தன. அவள் பேரனின் கல்யாணம் திருநீர்மலையில் நடந்தபோது, மண்டபத்தில் அவளும் நானும் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வாய்த்தது. எத்தனையோ நாள் மனத்தில் எழுதி எழுதி அழித்த வாக்கியத்தை எடுத்தேன்.

“சின்ன வயசுல என் புஸ்தகத்துல எல்லாம் எழுதுவியே, ஞாபகம் இருக்கா?”

“அதெல்லாம் யாருக்கண்ணா ஞாபகம் கீது?” என்று சிரித்தாள். “நீ சாப்ட்டியா?”

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அவளை யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள். அந்தக் கையெழுத்தில் ஒரு வரிகூட இன்று என்னிடம் இல்லை. விற்பதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்.

அந்த ஏப்ரலில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வாத்தியார் வந்துபோன பிறகு அவள் என் புத்தகங்களைத் தொட மாட்டாள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஓர வரி இல்லாமல் அடுத்த பரீட்சை என்ன ஆகும் என்பதுதான் கவலை. ஆனால் மறுநாளே அவள் புத்தகத்தை எடுத்தாள். எப்போதும்போல அடுப்படியில் உட்கார்ந்து, வாத்தியாரின் முழு நீளப் பென்சிலால் எழுதினாள். கோடு இருந்தது. புள்ளி இருந்தது. பத்திக்கு ஒரு வரியும் இருந்தது. முன்பைவிடத் தெளிவாக, பரீட்சைக்கு அப்படியே எழுதக்கூடியதாக இருந்தது. எனக்கு நிம்மதியாயிற்று. பையை வாங்கிக்கொள்ள வாசலுக்கு வரவும் செய்தாள். வாத்தியார் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கவில்லை. தினமும் ஒரே பதிலைச் சொல்கிற தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

பரீட்சை முடிந்து, புத்தகங்களை விற்பதற்குமுன் இருவரும் தரையில் உட்கார்ந்து அழித்தோம். அவள் பக்கத்தை இழுத்துப் பிடிப்பாள், நான் ரப்பரால் தேய்ப்பேன். துகள்களை அவள் ஊதிவிடுவாள். முன்பாதிப் பக்கங்களில் நிறைய அழிக்க வேண்டியிருந்தது. மழைப் பாடம் வந்தபோது பக்கத்தைப் பிடித்திருந்த அவள் விரல் கொஞ்சம் நகர்ந்து, உப்பைப் பற்றிய அந்த வரியை மூடிக்கொண்டது. “விரல எடு” என்றேன். எடுத்தாள். தேய்த்தேன். பின்பாதிக்கு வந்ததும் வேலை சுலபமாகிவிட்டது. புரட்டிக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

பாடங்கள் எளிதாகிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.